அரை இஞ்ச் வெளியே போன கதை

டேப்பக்கா வீட்டுக்குக் கேமரா வந்ததே ஒரு நாயால்தான். வாடிக்கைக்காரி ஒருத்தி தைப்பதற்காக வாசலில் வைத்துவிட்டுப் போன துணிப்பொட்டலம், டேப்பக்கா குளித்துவிட்டு வருவதற்குள் மாயமாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து அது மாடிப்படிக்கு அடியில், பக்கத்து வீட்டு நாயின் படுக்கையாகக் கிடைத்தது. ஆனால் அதற்குள் டேப்பக்காவின் புருஷன் தன் தம்பிக்குப் போன் போட்டுவிட்டான். புருஷன் லிப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிப்டையெல்லாம் ஏற்றி இறக்குவான், வீட்டில் ஒரு ஆணி அடிக்க ஒரு மாசம் யோசிப்பான். தம்பி அப்படியில்லை. அவனுக்கு 'ஒயர்' என்று பேர். சொந்தக்காரர் வீடுகளில் சுவரைக் கண்டால் துளை போடாமல் திரும்ப மாட்டான்.

அன்று சாயங்காலமே ஒயர் வந்து, இன்டர்நெட்டில் ஓடும் குட்டிக் கேமரா ஒன்றை முன்னறை அலமாரி மேல் உட்கார வைத்தான். சொந்தத்தில் அது அவன் மாட்டிய பதினொன்றாவது கேமரா. பதினொன்றையும் தன் ஒரே கணக்கில், ஒரே பாஸ்வேர்டில் வைத்திருந்தான். ஏனென்று கேட்டால், "நம்ம ஆளுங்க வீட்டுச் சாவியையே மறந்துட்டுப் போறவங்க. பாஸ்வேர்டையா ஞாபகம் வச்சுக்கப் போறாங்க?" என்பான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

டேப்பக்கா சும்மா சம்மதிக்கவில்லை. முன்னறைதான் அவளுடைய தையல் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் மெஷின், அந்தப் பக்கம் நிலைக்கண்ணாடி, 'மகாராணி' என்று அவள் கூப்பிடும் தலையில்லாத துணிப்பொம்மை, அளவு கொடுக்க வரும் பெண்கள். அந்தத் திரைக்குள் நடப்பது வெளியே போகாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் பத்து வருஷமாகத் தொழில் ஓடுகிறது. அதனால் கேமராவை வாசலைப் பார்த்துத் திருப்பச் சொன்னாள். திரைக்குப் பின்னால் போய் நின்று, எட்டிப் பார்த்து, அதன் முதுகு மட்டும்தான் தெரிகிறது என்று மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் ஒயருக்குக் காபி கொடுத்தாள். கண்ணைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட மகராசி, அந்தச் சனியனுக்குக் காது இருக்குமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

அவளுக்கோ ஒரு பழக்கம். அளவெடுக்கும்போது இரண்டு கையும் டேப்பில் இருக்கும், நோட்டு மெஷின் மேல் இருக்கும். போய் எழுதுவதற்குள் மறந்துவிடக் கூடாதே என்று எண்களை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே வருவாள். "தோள் பதினஞ்சு... பதினஞ்சே... இடுப்பு முப்பத்தாறு... முப்பத்தாறே..." என்று பாடிக்கொண்டு நோட்டுக்கு ஓடுவாள்.

இரண்டு மாசம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது மாசம் பெண்கள் பாட்டுக்குழுவின் ஆர்டர் வந்தது. இருபத்திரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நீலக் கவுன். குழுத் தலைவி, பெண்கள் பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதல் ஆளாக அளவு கொடுத்துவிட்டு, நீலத் துணி மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். டேப்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மகாராணியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அடுத்த திங்கட்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"என் இடுப்பளவு நாற்பத்திரண்டரை. அப்படித்தானே?"

டேப்பக்கா பதறித் திரையைப் பார்த்தாள். "மெதுவா, டீச்சர்."

"எதுக்கு மெதுவா? ஊருக்கே தெரியுமே! ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிறாங்க. ஆறாங்கிளாஸ் பொண்ணு கரும்பலகையில எழுதி வச்சிருக்கா. நாற்பத்திரண்டுன்னு சொல்லியிருந்தா, யாரோ கண்ணால பாத்து அடிச்சு விட்டாங்கன்னு நெனச்சிருப்பேன். ஆனா அந்த அரை? அந்த அரை இஞ்ச் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல, டீச்சர்!"

"அப்ப டேப்பு சொல்லிச்சா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து துணிய எடுத்துக்கிறேன். மத்த இருபத்தோரு பேருக்கும் காரணத்தையும் சொல்லிடுவேன்."

அவர் போன பிறகு டேப்பக்கா மெஷினை மூடி வைத்தாள். ஆர்டர் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். 'டேப்பக்காவுக்கு ஓட்டை வாய்' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அப்புறம் எந்தப் பெண் அந்தத் திரைக்குள் வந்து கையைத் தூக்கி நிற்பாள்? நோட்டைப் பார்த்தாள். டிராயரில் பூட்டியபடி இருந்தது. புருஷனை நினைத்தாள். அவனுக்கு இஞ்சுக்கும் அடிக்கும் வித்தியாசம் தெரியாது. வியாழக்கிழமை வரை யோசித்து யோசித்து, கடைசியில் மகாராணியின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

உடனே போன் அடித்தது. புருஷன்.

"ஏன் அழுற?"

"நான் அழுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பாட்டு நேரமாச்சேன்னு சும்மா போன்ல கேமராவைத் தொறந்தேன். கதவுதான் தெரியுது. ஆனா நீ அழுறது கணீர்னு கேக்குதே!"

டேப்பக்காவின் அழுகை டக்கென்று நின்றது. அலமாரி மேல் இருந்த கேமராவின் முதுகைப் பார்த்தாள். அவள் கூப்பிட்ட பத்தே நிமிஷத்தில் ஒயர் முன்னால் வந்து நின்றான்.

"காது உண்டா இதுக்கு?"

"காது மட்டுமா, அண்ணி! வாயும் உண்டு. போன்ல இந்த மைக் படத்தைத் தொட்டா நாம பேசுறது இங்க கேக்கும்," என்றான் ஒயர் பெருமையாக. அவள் முகத்தைப் பார்த்ததும் பெருமை வற்றியது. "ஏன், என்ன ஆச்சு?"

"இதை யார் யாரெல்லாம் கேக்குறாங்கன்னு இப்பவே சொல்லு."

ஒயர் போனைத் தடவினான். "மூணு போன்ல ஓடுது. ஒண்ணு என்னோடது. ஒண்ணு அண்ணனோடது. மூணாவதும்... என்னோடதுன்னுதான் காட்டுது. என் பழைய போன்."

"அது எங்க?"

ஒயர் தலையைச் சொறிந்தான். வருஷத்துக்கு இரண்டு போன் மாற்றுகிறவன். பழையதைச் சொந்தத்தில் யாராவது கேட்டால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவான். உள்ளே இருப்பதை அழித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஊருக்கெல்லாம் அவன் சொல்லும் புத்திமதி.

"யாருக்கோ குடுத்தேன், அண்ணி. நாலு பேருக்குக் குடுத்திருக்கேன், எது யார்கிட்டன்னு ஞாபகம் வரல. விடுங்க, பாஸ்வேர்டை மாத்திட்டா தீர்ந்துச்சு."

"கைய வெட்டிடுவேன்! மாத்தாத. நாளைக்கு நாலு மணி வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

ஏனென்றால் டேப்பக்காவின் மனசில் ஒரு ஆள் வந்துவிட்டிருந்தது. புருஷனின் பெரியம்மா. குடும்பத்தில் எல்லாருக்குமே அவர் பெரியம்மாதான். நாலு தெரு தள்ளித் தனியாக இருப்பவர். இரண்டு மாசமாக அவருக்கு ஞானதிருஷ்டி வந்துவிட்டதாக வீட்டுக்கு வீடு பேச்சு. "ஏன்டா, வாசல்ல செருப்பு இப்படிச் சிதறிக் கிடக்கு?" என்று தன் வீட்டிலிருந்தே போனில் கேட்பார். "உன் பொண்ணு கதவைத் தாழ் போடாமப் போயிட்டா, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "என்னமோ தோணுச்சு" என்பார். ஒரு மருமகன் வீடு மாற்றலாமா வேண்டாமா என்று அவரிடம் குறியே கேட்டான்.

ஆனால் பெரியம்மாவிடம் போய், ஆதாரமில்லாமல், "நீங்க ஒட்டுக் கேட்டீங்களா?" என்று கேட்க முடியுமா? குடும்பமே எகிறிக் குதிக்கும். அவராக வாயைத் திறக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சரியாக நாலு மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். துணி மூட்டையில் கை வைத்தார்.

டேப்பக்கா உதட்டில் விரல் வைத்து, அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி ஜாடை காட்டினாள். ஒரு சீட்டையும் நீட்டினாள்: 'அஞ்சே நிமிஷம், டீச்சர். எது நடந்தாலும் சத்தம் போடாதீங்க.' பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு திரைக்குள் போய், மகாராணியின் இடுப்பில் சுற்றி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ராகத்தோடு ஆரம்பித்தாள்.

"மகாராணி, நம்ம குடும்பத்து அளவையெல்லாம் உன்கிட்ட மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத. சின்ன நாத்தனாருக்கு இடுப்பு நாற்பத்தஞ்சே... நாற்பத்தஞ்சு!"

கேமரா கம்மென்று இருந்தது.

"ஒயரு பொண்டாட்டிக்கு நாற்பத்தேழே... நாற்பத்தேழு!"

லேசாக ஒரு கரகரப்பு கேட்டது. யாரோ அமுக்கிச் சிரித்த மாதிரி இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். டேப்பக்கா டேப்பை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம பெரியம்மாவுக்கோ... அடேயப்பா, டேப்பே பத்தலையே! ஐம்பத்திரண்டே முக்கால்! முக்காலே... முக்கால்!"

"அடியே!" என்று அலமாரி அலறியது. "எவடி அவ ஐம்பத்திரண்டே முக்கால்? உன் டேப்புல இடி விழ! என் கல்யாணத்தன்னிக்கு இருந்த இடுப்புடி இது, ஒரு சுத்துக் கூடல!"

ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, நீல மூட்டை மேல் விழுந்தார்.

டேப்பக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து கேமராவின் முன்னால் நின்றாள். குரலில் தேன் ஒழுகியது. "பெரியம்மாவா? எங்கிருந்து பேசுறீங்க?"

"என் வீட்டுல இருந்துதான். ஏன், நீ எங்கிருந்து கேக்குற?" கேமரா ஒரு நொடி யோசித்தது. "இரு. நான் பேசுறது உனக்குக் கேக்குதா?"

"நல்லாவே கேக்குது, பெரியம்மா. விரல் மைக் மேல பட்டிருக்கு."

கேமரா ஒரு தடவை செருமிக்கொண்டது.

"இது ராங் நம்பர்," என்றது கேமரா.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் டேப்பக்கா யாரோ விக்குகிறார்கள் என்று நினைத்தாள். பார்த்தால் ஹெட்மிஸ்ட்ரஸ் மூட்டை மேல் படுத்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிய, மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏற, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் நம்பாத மாதிரி சிரித்தார்.

இருபதாவது நிமிஷம் பெரியம்மாவே வந்துவிட்டார். ஒரு காலில் பச்சைச் செருப்பு, ஒரு காலில் சிவப்புச் செருப்பு. கையில் ஒயரின் பழைய போன். அழுகையும் ஆத்திரமுமாக மூச்சு வாங்கியது.

"திருடிப் பாக்கலம்மா நான். அவன் குடுத்த போன்ல தொட்டதும் எல்லார் வீட்டுக் கதவும் வந்துச்சு. பெரியம்மா தனியா இருக்காளேன்னு எனக்காகப் போட்டுக் குடுத்திருக்கான்னு நெனச்சேன். ஒரு வீட்டுல பிள்ளை வருது, ஒரு வீட்டுல பால் வருது... எல்லாரோடயும் இருக்கற மாதிரி இருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம், இது தப்போன்னு ஒரு நாள் தோணுச்சு. ஆனா கேட்டா புடுங்கிடுவானேன்னு கேக்கல."

"என் நாற்பத்திரண்டரை?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"காய்கறிக் கடையில ஒருத்திகிட்டதான் சொன்னேன், டீச்சர். நீங்க குண்டுன்னு அவ சொன்னா. அதெல்லாம் இல்ல, வெறும் நாற்பத்திரண்டரைதான்னு உங்களுக்காகத்தான் சண்டை போட்டேன்!"

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பு என்னோடதும்தான், டீச்சர்," என்றாள் டேப்பக்கா. "காது இருக்கான்னு கேக்காம இதை வீட்டுக்குள்ள விட்டேன். அளவை வாய்விட்டுச் சொன்னதும் நான்தான்." பிளக்கைப் பிடுங்கினாள். கேமராவின் விளக்கு அணைந்தது. "துணிய எடுத்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆனால் பெரியம்மா விடவில்லை. "மொதல்ல என்னை அள! ஐம்பத்திரண்டே முக்காலாம்! நியாயமா அளந்து சொல்லு!"

மூன்று பேரும் தங்கள் போன்களை எடுத்துப் போய் அடுப்படியில் வைத்தார்கள். பெரியம்மா திரைக்குள் போய்க் கையைத் தூக்கி நின்றார். டேப்பக்கா டேப்பைச் சுற்றினாள். பத்து வருஷப் பழக்கம், எண் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாலு குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு, சத்தமே இல்லாமல் நோட்டுக்கு நடந்தாள். எழுதினாள். நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டினாள். குண்டூசி கவ்விய வாயோடே பெரியம்மாவின் காதில் மட்டும் ஏதோ முணுமுணுத்தாள். பெரியம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இரண்டு நிறச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, "நாளையிலிருந்து நேர்லயே வந்து உக்காந்துக்கறேன், கதவைத் தொறந்து வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் வாசல் வரை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார். "என் அளவை ஊரெல்லாம் பரப்புனவங்க. எனக்கு உரிமை இருக்கு. எவ்வளவு? எனக்கு மட்டும் சொல்லுங்க."

டேப்பக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டாள்.

"எது எவ்வளவு, டீச்சர்?" என்றாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் மெல்லத் தலையாட்டினார். பிறகு எழுந்து, நீல மூட்டையை அவரே தூக்கி மெஷின் மேல் வைத்து, முடிச்சை அவிழ்த்தார். "நாளைக்கு மத்த இருபத்தோரு பேரும் வருவாங்க," என்றார்.