காலியிடத்தில் காயும் வாளை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. சிதம்பரம் சந்தையில் வாளைக் கருவாடு வாங்கியபோது பூவம்மாள் கூடவே கொடுத்தது. தேவனாம்பட்டினத்துப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வாரம் இரண்டு முறை கூடையோடு பஸ் ஏறி வருபவர். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"நீலக் கடலோரம், அலைகள் தாலாட்டும் ஒரு சிறு…"

நிறுத்திவிட்டேன். அதிகாரிகளின் வரைபடத்திலும் கடல் நீலமாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் அவர்களும் மெனக்கெடவில்லை.

2

கடலூர் நகரத்தை விரிவாக்கும் பெருந்திட்டத்துக்காக ஒரு மே மாதம் அதிகாரிகள் அளக்க வந்தார்கள். விசைப்படகுகளுக்கு அப்போது மீன்பிடித் தடைக்காலம். பூவம்மாளும் மற்ற பெண்களும் மீன் காயவைக்கும் மணல் களத்தில் ஒரு செதில்கூட இல்லை. போதாக்குறைக்கு, ஆபீசர்கள் வருகிறார்களே என்று களத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டு எழுதிக்கொண்டது: 'காலியிடம். பூங்காவுக்கு ஏற்றது.'

(அடிக்குறிப்பு: இளநீர் பற்றி அறிக்கையில் ஏதுமில்லை.)

3

வரைபடம் தயாரித்த கலியமூர்த்தியை வில்லனாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். ஒட்டவில்லை. பெண்ணாடத்து விவசாயி மகன். நெல்லடிக்கும் களம் வருஷத்தில் பத்து மாதம் சும்மா கிடக்கும் என்று தெரிந்தவர். ஆனால் அவருடைய கணினியில் வீட்டுக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, பூங்காவுக்குப் பச்சை. களத்துக்கு நிறமே இல்லை.

[இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.]

4

கடலூரில் ஆட்சேபணை கேட்கும் கூட்டம். அங்கே மீன் காயவைப்பதற்கு என்ன ஆதாரம் என்று கலியமூர்த்தி கேட்டார். ஒரு நாள் வந்து நின்றால் உங்கள் மூக்கே சொல்லும் என்றார் பூவம்மாள். கூட்டம் சிரித்தது.

"நாங்க வந்தப்ப ஒண்ணுமே இல்லியேம்மா."

"மீன் புடிக்காதன்னு தடை போட்டதும் நீங்க. மீனு இல்லன்னு எழுதிக்கிட்டதும் நீங்க."

"அது வேற டிபார்ட்மென்ட்மா."

இருந்தாலும் மறு ஆய்வுக்கு எழுதினார். ஆய்வு நாளன்று களத்தில் மீன் காய்ந்தால் வரைபடத்தைத் திருத்திவிடலாமாம். தேதி தபாலில் வந்தது: ஏப்ரல் இருபது. தடைக்காலம் ஏப்ரல் பதினைந்தில் தொடங்குகிறது.

5

முடிவு அ: தவறை உணர்ந்து பூங்காவைக் கைவிடுகிறார்கள். (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு ஆ: பூங்கா வருகிறது. சிமென்ட் டால்பினுக்குப் பக்கத்தில் பலகை: 'இங்கு மீன் காயவைக்காதீர்.' பூவம்மாள் வேறு எங்கே…

இரண்டையும் அவரிடமே சொன்னேன். "நீங்க எழுதுறது இருக்கட்டும் சார்" என்றார். மார்ச்சில் காய்ந்த கருவாட்டில் மூன்று கூடையை விற்காமல் வைத்திருக்கிறாராம். அன்றைக்கு எடுத்து மறுபடியும் பரப்பப் போகிறார். இருபது வருஷமாக நடப்பதை நிரூபிக்க அவர் ஒரு பொய்யைக் கட்ட வேண்டியிருக்கிறது. என்னைவிட நன்றாகவே கட்டுகிறார்.

6

ஏப்ரல் இருபது, காலை பதினொரு மணி. ஜீப் வந்து நிற்கிறது. ஏற்கெனவே காய்ந்த வாளை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. கலியமூர்த்தி குனிந்து ஒன்றை எடுத்து ஒடிக்கிறார். சடக்கென்று ஒடிகிறது.

"இது என்னிக்குப் புடிச்ச மீனும்மா?"

நேற்று என்றால், படகு தடையை மீறியிருக்கிறது. அது பூவம்மாளின் புருஷன் பாண்டியன் வேலை செய்யும் விசைப்படகு. மார்ச் என்றால், களம் இன்று காலி.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. பூவம்மாள் உங்களைத்தான் பார்க்கிறார். ஏதாவது சொல்லிக் கொடுங்கள். சீக்கிரம், ஜீப்பின் இன்ஜினை இன்னும் அணைக்கவில்லை.