லா பாஸில் நாற்பது படிகள்

பஸ்தியாம்பிள்ளை மட்டக்களப்பு வாவியில் முப்பது வருடமாக வலை வீசுகிறவர். பல நாட்டு மீனவர்கள் கூடும் மாநாட்டுக்காக அவரது சங்கம் மூன்று பேரை பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்கு அனுப்பியிருந்தது. காற்று மெலிந்த மலையுச்சியில் இருந்த அந்த நகரத்தில், விடுதியிலிருந்து மண்டபத்துக்கு நாற்பது படிகள். பத்தாவது படியிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் கட்டிய கிழவி ஒருத்தி அவரைக் கடந்து ஏறிப்போனாள். அவருக்கு எரிச்சலாக வந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி செசீலியா அழைத்தாள்.

"இஞ்சாருங்க, ஊர் வடிவா?"

"வீடெல்லாம் மலையில தொங்குதுகா. தலைக்கு மேலால கம்பியில பெட்டி பெட்டியா ஆக்கள் போறாங்க. எனக்கு மூச்சுவிட ஏலாமக் கிடக்கு. போனை வை!"

மண்டப மேடையில் அவர் பேசும்போதும் அதே கதைதான்: ஒரு வசனம் சொல்வார், நின்று மூச்சு வாங்குவார், பிறகு அடுத்ததைச் சொல்வார். வெட்கத்தோடு இறங்கியவரிடம், அவர்களின் பேச்சை உடனுக்குடன் ஸ்பானிய மொழியில் சொன்ன மொழிபெயர்ப்பாளர் மேர்லின் ஓடிவந்தாள்.

"ஐயா, நம்மட சங்கத்து மூணு பேர்ல உங்கட பேச்சை மட்டுந்தான் ஒரு சொல் விடாமச் சொன்னன். மத்தவங்க நிப்பாட்டாமக் கதைச்சிட்டாங்க."

"எனக்குக் கதைக்க ஏலாமப் போச்சு பிள்ள," என்றார் அவர், எரிச்சல் தீராமல். "முதல்ல இருக்க ஒரு கதிரையை எடு."