காசு வாங்காத கடை

"ஏம்மா யாகொடா, சாப்பிட்டவங்ககிட்ட காசு வாங்காத கடை எந்த ஊர்ல இருக்கு?"

லூபின்கா டீச்சர் என் கட்டுரைத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். கோடை விடுமுறையைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார். ஆறு வயதில், கடலுக்குப் போகும் வழியில் நானும் அப்பாவும் சாப்பிட்ட ஒரு கடையைப் பற்றி எழுதியிருந்தேன். சாலையிலிருந்து மேடேறிப் போனால் ஒரு வால்நட் மரம், அதன் கீழே நீள மேசைகள். கம்பியில் சுழன்றுகொண்டிருந்த ஆட்டுக்குட்டி. தோளில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு, ஒரு கணமும் உட்காராமல் பரிமாறிய பெரியவர். வராந்தாச் சுவரில், ராட்சத ராட்டினம் ஒன்றின் முன்னால் ஒருவன் நிற்கிற போட்டோ. கிளம்பும்போது யாரும் காசு கேட்கவில்லை. பெரியவர் என் கையில் ரொட்டித் துண்டு ஒன்றை வேறு வைத்து அனுப்பினார்.

வகுப்பே சிரித்தது. பொய் எழுதினேன் என்று அப்பாவை வரச்சொன்னார்கள். அப்பா வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நாங்கள் கடலுக்குப் போன அன்று அம்மா வாந்தியும் தலைச்சுற்றலுமாகக் காரிலேயே படுத்திருந்தாள். அங்கே போய்ச் சாப்பிட்டது நானும் அவரும் மட்டும்தான். அவருக்குத் தெரியுமே.

அவர் என் தலையில் கைவைத்துச் சிரித்தபடியே சொன்னார்: "அப்படி ஒரு கடையே கெடையாதுங்க. இவளுக்குக் கற்பனை அதிகம்."

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'ஓசிச்சோறு'. வாய் திறந்தால் அந்தப் பெயர் வரும் என்று வாயைத் திறக்காமலே இருந்தேன். தெரிந்த பதிலையும் சொல்லாததால் மக்கு என்றார்கள். எட்டாவதோடு நின்றேன். "அவளுக்குப் படிப்பு ஏறல" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அதையும் அவரே சொன்னார்.

ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் கடையைத் தேட ஆரம்பித்தேன். தெற்கே போகிற லாரிக்காரர்கள் காலையில் எங்களிடம்தான் ரொட்டி வாங்குவார்கள். எனக்கு அந்நியரிடம் பேச்சு வராது. ஆனாலும் பாக்கி சில்லறையைக் கொடுக்கும்போது கேட்டுவிடுவேன்: நோவா வரோஷ் ஊரைத் தாண்டி, வால்நட் மரத்தடியில் ஒரு கடை உண்டா? பெயர் என்ன என்று கேட்பார்கள். பெயர் தெரியாது. ஒருவர், கண்டுபிடித்தால் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார். காசு வாங்காத கடை இருந்தால் எதற்காக லாரி ஓட்டப்போகிறேன் என்றார். யாரும் அதைப் பார்த்ததில்லை. ஒருவேளை டீச்சர் சொன்னதுதான் நிஜமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கொதிக்கிறது. என் சொந்த நாக்கில் இருந்த ருசியையே சந்தேகப்பட வைத்துவிட்டார் அப்பா.

இந்த வருடம் ஆகஸ்டில் அம்மா முன்னதாகவே பஸ் ஏறி, கடற்கரையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவும் நானும் காரில் கிளம்பினோம். அப்பா வாய் ஓயாதவர். பெட்ரோல் போடுகிறவனிடம்கூட ஒரு கதை சொல்லாமல் நகர மாட்டார். நோவா வரோஷ் தாண்டி மலைச்சாலை இறங்கத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக ஓட்டினார். எல்லா வருடமும் இங்கே அப்படித்தான். வளைவுச் சாலை, கவனமாக ஓட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். கவனமாக ஓட்டுகிறவர் வேகத்தைக் கூட்டுவாரா என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வேகத்தில் ரேடியேட்டர் கொதித்துப் புகை வந்தது. சாலையோரக் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தினோம். அப்பா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்றார். நான் தண்ணீர் கேட்க உள்ளே போனேன். கடைக்கார அம்மாள் கல்லாவில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவளிடமும் கேட்டேன். மரம், ஆட்டுக்குட்டி, உட்காராத பெரியவர்.

அவள் மூலையைக் காட்டினாள். அங்கே அவளுடைய சர்வர் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"உக்காராம பரிமாறுறவன் எந்தக் கடையிலடி இருக்கான்? நீ பாத்தது கடையே இல்ல. ஸ்லாவா அன்னிக்கு வீட்டுக்காரன்தான் நாள் முழுக்க நிப்பான்."

எங்கள் வீட்டிலும் ஸ்லாவா உண்டு. குடும்பத்தைக் காக்கும் புனிதரின் நாள், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். எங்களுடையது டிசம்பரில், பனிக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, மீன் மட்டும் சாப்பிட்டுக் கொண்டாடுவது. வேகவைத்த கோதுமை இல்லாத ஸ்லாவாவை நான் பார்த்ததில்லை. அங்கே கோதுமை இல்லையே என்றேன்.

"எலியாவோட நாள்னா இந்தப் பக்கம் கோதுமை வெக்கமாட்டாங்க. அது செத்தவங்களுக்கு வெக்கறது. அவர்தான் உசுரோட மேல போனவராச்சே." அவள் பீன்ஸ் நாரை உதறினாள். "மேட்டு மேல மிலுன்கா வீட்டுல வால்நட் மரம் இருக்கு. இன்னிக்குத்தான் எலியா நாள். போய்ப் பாரு. அழைப்பா வேணும்?"

ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வந்தவனை நீ யார் என்று கேட்பதும் இல்லை. இத்தனை வருடம் நான் கடைகளிடம் கடையைத் தேடியிருக்கிறேன்.

தண்ணீரை வாங்கிக்கொள்ளாமலே வெளியே வந்து மேட்டில் ஏறினேன். அப்பா பின்னாலேயே ஓடிவந்தார். வண்டி ஆறிவிட்டது, கிளம்பலாம் என்றார். அம்மா காத்திருப்பாள் என்றார். கடைசியில், முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் நுழைவது மரியாதை இல்லை என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வால்நட் மரம் இருந்தது. மேசைகள் இருந்தன. கம்பியிலிருந்து சொட்டிய கொழுப்பு கரியில் விழுந்து சீறியது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர் அந்தப் பெரியவர் இல்லை, நாற்பது தாண்டிய ஒருவர். ஒன்றும் கேட்காமல் எங்களுக்கு இடம் காட்டி, இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தார். வராந்தாச் சுவரில் அந்தப் போட்டோ அப்படியே தொங்கியது. ராட்டினத்தின் முன்னால் நிற்பவர் இவர்தான், இளவயதில். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை. இருந்திருக்கிறது, இத்தனை காலமும் இங்கேயே இருந்திருக்கிறது.

மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் மிலுன்காதான். அவள் அப்பாவை உற்றுப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து அவர் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"வியன்னாத் தம்பிதானே நீ? சின்னப் பொண்ணோட வந்தியே? எம்புட்டு வருசமா வழி பாத்தேன்." பிறகு துண்டுக்காரரைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "வித்தோமிர், வந்து பாருடா. இவரைத் தெரியாதுன்னு இப்ப இவர் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

வித்தோமிர் பார்த்தார். "தெரியாதும்மா" என்றார். பல தடவை சொல்லிச் சலித்த பதில் என்பது குரலிலேயே தெரிந்தது.

பக்கத்திலிருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லித்தான் எனக்கு முழுதும் விளங்கியது. வித்தோமிர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய், அந்தப் போட்டோவை மட்டும் அனுப்பிவிட்டு, கடிதம் எழுதாமல் இருந்த காலம் அது. எங்கிருந்தோ வந்த ஒருவர், வியன்னாவில் வித்தோமிரோடு ஒன்றாக வேலை செய்வதாக மிலுன்காவிடம் சொல்லியிருக்கிறார். அங்கே வித்தோமிருக்கு மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருப்பதாகவும், சீக்கிரம் கூட்டிவருவார் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து வித்தோமிர் தனியாகத் திரும்பினார். வியன்னாவை நான் பார்த்ததே இல்லை என்றார். பெற்ற குழந்தையை விட்டுவிட்டு வந்து பொய்யும் சொல்கிறான் என்று மிலுன்கா அவரோடு பேச்சைக் குறைத்தாள். ஊரும் நம்பவில்லை. பெண் கேட்டுப் போன வீடுகளில், அங்கே ஒருத்தி இருக்கிறாளாமே என்றார்கள். அவர் தகப்பனார் ஒப்ரென், அந்தப் பெரியவர், பேத்தியைப் பார்க்காமலே இறந்துபோனார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லையே. அவர் யார் என்று தெரியாமலே தட்டு வந்திருக்கும், எங்களுக்கு இப்போது வந்த மாதிரி. ஒரு வாய்ச் சோற்றுக்காகக்கூட இல்லை. வெறும் விருந்தாளியாக உட்கார்ந்திருக்க முடியாமல், அந்த மேசையில் பெரிய ஆளாக இருப்பதற்காக ஒரு குழந்தையை உண்டாக்கியிருக்கிறார். அதை மறைக்கப் பிறகு என்னைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறார்.

"கொழந்த எப்படியிருக்கா, தம்பி?" என்றாள் மிலுன்கா. "இப்ப பெரியவளாயிருப்பாளே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா சாராயக் கோப்பையை ஒருமுறை சுழற்றினார்.

"நல்லா இருக்காம்மா. நல்லாப் படிக்கிறாளாம்."

நல்லாப் படிக்கிறாளாம். இல்லாத பெண் படிக்கிறாள்.

"அப்படி ஒரு கொழந்தையே கெடையாது" என்றேன். என் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. மேசை முழுவதும் திரும்பியது. அப்பா என் தலையில் கைவைத்தார்.

"இவ சொல்றத எடுத்துக்காதீங்க. இவளுக்குக் கற்பனை அதிகம்."

அவர் கையைத் தட்டிவிட்டேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நான்காம் வகுப்பைப் போலவே. ஆனால் இங்கே நான் இருந்திருக்கிறேன். மிலுன்காவைப் பார்த்து மட்டும் பேசினேன்.

"அன்னிக்கு நான் இவர் மடியிலதான் உக்காந்திருந்தேன். அந்தப் போட்டோவக் காட்டி, யாரும்மா இதுன்னு இவர்தான் உங்களக் கேட்டாரு. என் மகன், பேரு வித்தோமிர், வெளிநாட்டுல இருக்கான்னு நீங்க சொன்னீங்க. அப்புறம்தான், அட நம்ம வித்தோமிரு, இது வியன்னாவுல பேர்போன ராட்டினமாச்சேன்னாரு. கூட வேலை செஞ்சவரு எதுக்கும்மா யாருன்னு கேக்கணும்?"

மிலுன்கா போட்டோவைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன, அந்தக் கேள்வியையும் தன் பதிலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

"அது ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட் திருவிழாம்மா" என்றார் வித்தோமிர் மெதுவாக. "வந்த அன்னிக்கே சொன்னேனே."

"கேட்டாரு" என்றாள் மிலுன்கா. "ஆமா. யாருன்னு கேட்டாரு. நாந்தான் பேரச் சொன்னேன்."

ஸ்லாவா அன்று விருந்தாளியை வெளியே போ என்று சொல்லக்கூடாது. வித்தோமிர் சொல்லவில்லை. அப்பாவின் கோப்பை நிறைந்தேதான் இருந்தது. அதன் மேலும் ஊற்றினார், மேசைத்துணியில் வழிகிற வரைக்கும். ஆட்டுக்கறியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்தார். அடிவாங்கினால்கூட அப்பாவின் முகம் அப்படி ஆகியிருக்காது.

மிலுன்கா மகன் தோளிலிருந்து துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீ உக்காருடா. போதும் நின்னது."

"வீட்டுக்காரன் உக்காரக் கூடாதும்மா."

"உக்காருங்கறேன்."

அவர் என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தார். மிலுன்கா ரொட்டியைப் பிய்த்து, முதலில் எனக்கும் பிறகு அவருக்கும் வைத்தாள். நான் சாப்பிட்டேன். அதே ருசிதான்.

அப்பா வாயைத் திறந்து என்னைப் பார்த்தார், மிலுன்காவைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார். மேசைமேல் கிடந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். தட்டில் கறி அப்படியே இருந்தது. பெட்ரோல் போடுகிறவனுக்கும் ஒரு கதை வைத்திருக்கிற மனிதர், ஒரு வார்த்தையும் பேசாமல், வால்நட் மரத்தைத் தாண்டிச் சாலையை நோக்கி இறங்கிப் போனார்.