முப்பத்தோரு பேர் பேசிய டிஸ்க்

திண்டிவனம் சர்வீஸ் கடையில் மலர்விழி மூன்றாம் முறையாக அந்த ஹார்டு டிஸ்கைப் பொருத்தினாள். ஃபார்மட் செய்யலாமா என்று திரை மறுபடியும் கேட்டது.

எதிரே சவுரியம்மாள் உட்கார்ந்திருந்தார். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று முப்பத்தோரு பெண்கள் சொன்னதை நான்கு ஆண்டுகளாகப் பதிந்து வைத்தவர். வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் விசாரணை. பெயர் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருந்ததால், பதியும்போதே எல்லாவற்றையும் சங்கேதமாக மாற்றிவிடும் டிஸ்காகப் பார்த்து வாங்கியிருந்தார். நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

கேபிள் செருகும் வாய் உடைந்ததென்று போன வாரம் கொண்டுவந்தார். மலர்விழி கடை வழக்கப்படி டிஸ்கைக் கழற்றிப் புதுப் பெட்டியில் போட்டாள். பழைய பெட்டியை மூலைச் சாக்கில் எறிந்தாள்.

"டிஸ்கு நல்லாத்தான் சுத்துதுக்கா."

"பாஸ்வேர்டு நான் போடறேனே."

"கேக்கவே மாட்டேங்குது. சங்கேதத்தைத் தெறக்கற சாவி பழைய பெட்டியோட போர்டுல, ஒரு சிப்புல இருந்திருக்கு."

ஹார்டுவேர் படித்த மாலை வகுப்பில் இதைச் சொல்லித் தந்தார்களா, தான்தான் அன்று தூங்கிவிட்டோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாக்கைச் சனிக்கிழமை எடுத்துப்போன காயலான் கடைக் கண்ணையனுக்குப் போன் செய்தாள்.

"போர்டுங்களா? எல்லாத்தையும் ஒடைச்சு அன்னைக்கே மெட்ராஸுக்கு ஏத்திட்டேனேம்மா."

"வேற யாராலயும் தெறக்க முடியாதா?" என்றார் சவுரியம்மாள்.

"முடியாதுக்கா. அதுக்காகத்தானே இதை வாங்கினீங்க."

"நல்ல பூட்டுதான். மேஸ்திரிக்கும் தெறக்காது, எனக்கும் தெறக்காது." அவர் பையைத் தோளில் மாட்டினார். "மொதல்ல இருந்து முப்பத்தோரு வூடும் ஏறி எறங்கணும். ஒரு தடவை சொல்றதுக்கே அதுங்க செத்துப் பொழைச்சுதுங்க."

"நானும் வர்றேன். தப்பு என்னுதுன்னு நானே சொல்லிடறேன்."

"சொல்லிட்டுத் தெருமுனையில போய் நில்லு. பேசறப்போ நீ உள்ள இருக்கக் கூடாது."

மறுநாள் மதியத்துக்குள் ஆறு வீடுகள் முடிந்தன. இரண்டு பெண்கள் இனிப் பேச மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தப்பு தன்னுடையது என்ற அதே வாக்கியத்தை மலர்விழி ஏழாம் முறையாகச் சொன்னாள்.

ஏழாவது வீட்டுப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்ப எதுல வெப்பீங்க?"

"அதே மாதிரி டிஸ்குலதாங்க. ஆனா ரெண்டு. ரெண்டும் வேற வேற எடத்துல."

"ஒண்ணு போனா?"

"இன்னொண்ணு இருக்கும். அதையும் யாராலயும் தெறக்க முடியாதபடி பூட்டித்தான் வெப்போம். ஒங்க பேரு வெளிய போகாது."

அந்தப் பெண் சவுரியம்மாளை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். மலர்விழி தெருமுனைக்கு நடந்தாள்.