அய்யாவுவின் இடது மண்டை

1

இந்தக் கதை ஓர் ஆட்டு மூளையிலிருந்து பிறந்தது. மலாயாவின் லாபிஸ் கடைத்தெருவில் ருக்னுதீன் பாயின் சாப்பாட்டுக் கடையில் வறுவலுக்குப் போகவேண்டிய மூளை அது. போவதற்கு முன் கால்மணி நேரம் பாடப் புத்தகமாக இருந்தது. வருஷம் 1932. அந்தக் கடை வாசலில் மேசை போட்டு ஊராருக்குக் கடிதம் எழுதித் தந்த லெட்சுமணன் அன்று செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

லெட்சுமணன் நான்தான். ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாம் வரிக்குள் என்மேல் எனக்கே இரக்கம் சுரந்துவிட்டது. ஆகவே ‘அவன்’ என்று போட்டுக்கொள்கிறேன். அவனைத் திட்டுவது சுலபம்.

2

முதல் தொடக்கம்: “மனித மூளை சுமார் மூன்று பவுண்டு எடையுள்ளதும், மடிப்பு மடிப்பானதும், மென்மையானதுமாகிய—” [நிறுத்தினேன். சிகாமட் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவனுக்கு இந்தக் குரல் பொருந்தவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: “ரப்பர் மரங்களின்மேல் துயர மேகங்கள்—” [பொய். அன்றைக்கு நல்ல வெயில்.]

மூன்றாவது: கருப்பாயி வந்தாள்.

இதில் திருத்த ஒன்றுமில்லை. திருத்தாமல் விடுவது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று போகப்போகப் புரியும்.

3

கருப்பாயியின் புருஷன் அய்யாவு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் கீறிப் பால் எடுக்கிறவர். மூன்று மாதத்துக்கு முன் காய்ந்த கிளையொன்று முறிந்து தலையில் விழுந்தது. உயிர் தங்கியது. வலது கை தொங்கிப்போனது, பேச்சு நின்றுபோனது. ரப்பர் விலை படுத்துக்கிடந்த நேரம். வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்கு அனுப்பும் பட்டியலில் துரை அவர் பெயரையும் சேர்த்துவிட்டார். வியாழக்கிழமை ரயிலில் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பல். தனியாக.

“நாகப்பட்டினத்துல இறக்கிவிட்டு எந்த ஊருய்யான்னு கேட்டா என்னாண்ணே சொல்லுவாரு? அவரு பேரே அவருக்கு வர மாட்டேங்குது” என்றாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் தனலெட்சுமி.

தோட்டத்து மருந்தறையில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸர் செல்லப்பனும் கூட வந்திருந்தார். “பெரிய டாக்டர் ஒரு வரி எழுதினா பேரை எடுத்துடுவாங்க. ஆனா கங்காணி குறுக்க நிக்கிறான். போன வாரம் சுடுதேத்தண்ணி கால்ல கொட்டினப்ப, அய்யாவு ஒரு கெட்ட வார்த்தையை முழுசா, பிசகாம சொல்லிட்டாராம். நடிக்கிறான்கிறான்.”

“நல்ல வார்த்தையா?” என்று உள்ளிருந்து ருக்னுதீன் பாய் ஆர்வமாகக் கேட்டார்.

டிரஸர் சமையல்கட்டுக்குள் போய்த் தட்டோடு வந்தார். தட்டில் மூளை.

“இங்க பாருங்க. ரெண்டு பாதி, நடுவுல பிளவு. பின்னாடி இந்தச் சின்னது சிறுமூளை. நடை தள்ளாடாம பாத்துக்கும். மனுஷனுக்கு மடிப்பு இன்னும் அதிகம். தேடி எடுத்துப் பேசுற பேச்சு அனேகமா இடது பாதியில. வலியில தானா வாயில வர்ற வசவு வேற வழி. அது அடிபடல.”

“அப்ப இனிமே திட்டு மட்டுந்தானா?” என்றாள் கருப்பாயி.

“இல்லம்மா. பொறந்த புள்ளைக்கு மூளை சின்னது. பேசப் பேச, கையை நீட்ட நீட்ட, உள்ள நரம்பு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். பெரியவங்களுக்கு அது மெதுவா நடக்கும். ஆனா வழி அடைஞ்சே போச்சுன்னு இல்ல.”

கருப்பாயி இடுப்புப் பிள்ளையைக் காட்டினாள். “இது மூணு மாசத்துல பதினஞ்சு வார்த்தை பேசுது. இது கூடவே உக்காந்து அவரும் மூணு பேசுறாரு. தண்ணி, வா, இல்ல.”

“அந்த மூணையும் எழுதும்யா. அதான் சாட்சி” என்று லெட்சுமணனிடம் சொன்ன டிரஸர், மூளையைத் திருப்பினார். “இனிமே இந்தத் தண்டு. இங்கதான் முக்கியமான விஷயமே—”

“அலமாக்! அடக் கடவுளே, டிரஸரய்யா, மூணாவது மேசைக்காரர் எந்திரிச்சுப் போயிடுவார்போல!” ருக்னுதீன் பாய் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பாடம் தண்டோடு நின்றது. எண்ணெய் சீறியது. டிரஸர் பெரிய டாக்டருக்கான கடிதத்தை வாயால் சொல்லிவிட்டு லாரியைப் பிடிக்க ஓடினார்.

4

லெட்சுமணன் ஒழுங்குக்காரன். முதலில் கேட்பான், பிறகு குறிப்பெடுப்பான், மூன்றாவதாக முரண்பாடு நீக்குவான், கடைசியில் படியெடுப்பான். மூன்றாவது வேலையில் அவனுக்குத் தனிப் பெருமை உண்டு.

குறிப்பில் இப்படி இருந்தது: “இடது பக்க மண்டையில் அடி, அதனால் வலது கை விழுந்தது.”

வெயிலில் வந்த களைப்பு, பாவம், டிரஸர் பிசகிவிட்டார் என்று பெருந்தன்மையோடு மன்னித்தான். ‘இடது’ என்பதை ‘வலது’ என்று திருத்தினான். காற்புள்ளிகளைச் சரிபார்த்தான். மை காய ஊதினான்.

(ஓரக் குறிப்பு: மூளையிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகளில் பெரும்பாலானவை தண்டின் அடியில் குறுக்கே தாண்டிப் பக்கம் மாறுகின்றன. இடது மூளைதான் வலது கையை ஆட்டுகிறது. லெட்சுமணன் வலது கையால் எழுதினான். ஆக, அன்று அந்தத் தப்பைக் கையைப் பிடித்து எழுதவைத்தது அவனுடைய இடது மூளை. அதற்கு அடி எதுவும் பட்டிருக்கவில்லை.)

5

செவ்வாய்க்கிழமை டிரஸர் கடிதத்தோடு திரும்பி வந்தார், கூடவே கருப்பாயியும்.

“யோவ் லெட்சுமணா! இடதை வலதாக்கச் சொன்னது எவன்யா?”

“முரணா இருந்துச்சுங்க…”

“முரண் உன் மண்டையிலய்யா! தழும்பு இடது பக்கம் இருக்கு, கடிதாசு வலதுங்குது. வலது பக்கம் அடிபட்டா வலது கை எப்படி விழும்னு டாக்டர் கேக்குறார். கட்டுக்கதைன்னு தூக்கிப் போட்டுட்டார். தண்டுல குறுக்க மாறுதுய்யா!”

“அதை நான் வறுத்துட்டேனா?” என்றார் ருக்னுதீன் பாய்.

கருப்பாயி திட்டவில்லை. “எழுத்து அழகா இருந்துச்சேண்ணே” என்றாள்.

[இங்கே அவனுடைய மனவேதனையை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். ரயிலில் போகவேண்டியவர் அவனல்ல.]

6

புதன்கிழமை நால்வரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்: டிரஸர், கருப்பாயி, அய்யாவு, இரண்டாவது கடிதத்தோடு லெட்சுமணன். டாக்டர் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே கையெழுத்து. ஒன்றில் வலது, ஒன்றில் இடது.

“தோதுக்குத் தக்கபடி மாத்தி எழுதுறவனை எப்படி நம்புறது?”

நியாயமான கேள்வி. லெட்சுமணன் தன் மூன்றாவது வேலையை விளக்க ஆரம்பித்தான். டிரஸர் அவன் காலை மிதித்தார். டாக்டர் அய்யாவுவின் பக்கம் திரும்பி, “உன் ஊர் எது?” என்று கேட்டார்.

முடிவு அ: அய்யாவு ஊர்ப் பெயரைக் கணீரென்று சொல்கிறார். [கூத்து மேடைக்குச் சரி. தவிரவும், இப்படி வாய் திறந்து சொல்லிவிட்டால் நடிக்கிறார் என்றே முடிவாகிவிடும்.]

முடிவு ஆ: அய்யாவு டாக்டரைத் திட்டுகிறார். [ருக்னுதீன் பாய் கேட்டுக்கொண்டது.]

முடிவு இ: “இல்ல” என்கிறார். [மூன்று வார்த்தை உள்ளவரிடம் வேறென்ன இருக்கும்? ஊரே இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டால்?]

நடந்ததை நான் சொல்லலாம். இடதை வலதாக்கியவன் சொல்வதை நீங்கள் ஏன் நம்பவேண்டும்? ஆகவே டாக்டர் நாற்காலியை உங்களுக்கு விடுகிறேன். பேனா மேசைமேல் இருக்கிறது. எதிரே அய்யாவு நிற்கிறார். உதடு பிரிந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, உள்ளே எங்கேயோ தேடிக்கொண்டிருக்கிறார். கருப்பாயி எடுத்துக்கொடுக்க வாயெடுக்கிறாள். வேண்டாமென்று சைகை காட்டுங்கள்.

அவசரப்படாதீர்கள். ரயில் நாளைக் காலையில்தான்.