குடையின் சிவப்புக் கைப்பிடி

1

இது மனுவாகத்தான் தொடங்கியது. “வெள்ளிக்கிழமை வேண்டாம், பத்து நாள் தள்ளிக் குடுங்கன்னு எழுதிக் குடுடா. நீதான் எழுத்தாளனாச்சே” என்றாள் அக்கா. ‘மதிப்பிற்குரிய நகராட்சி ஆய்வாளர் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரியிலேயே ‘அந்தக் குடை எரியும்போது நீங்கள் பார்த்ததில்லை’ என்று எழுதிவிட்டேன். மனுவில் அப்படி எழுதக் கூடாது. கதையில் எழுதலாம். மனு குப்பைக்குப் போனது, நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

2

அக்காவின் குடைக்கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. அதன் விளம்பரப் பலகை மட்டும்தான் பெரிய தெருவை எட்டிப் பார்க்கும். இரண்டு ஆள் உயரத் தகரம், அதன்மேல் நியான் விளக்குக் கண்ணாடிக் குழாய்களை வளைத்துச் செய்த விரிந்த குடை. எழுத்தே கிடையாது. கம்பிகள் வெளிர்நீலம், கைப்பிடி சிவப்பு. ஒரு புயலில் கைப்பிடி நொறுங்கியது. குழாய்களெல்லாம் ஒரே மின்கம்பியில் வரிசையாகக் கோத்தவை. ஒன்று போனால் மொத்தமும் இருட்டு.

எரியாத பழைய பலகைகளை நகராட்சிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வந்து இறக்கிவிடுவார்கள். எரிந்தால் இருக்கலாம். பலகை போனால், சந்துக்குள் இப்படியொரு கடை இருப்பது ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

[இங்கே புயலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ‘காற்று பேய்போல’ வேண்டாம். பேயைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.]

3

அந்தச் சிவப்பு பூசிய சிவப்பல்ல. உருக்கும்போதே சிவப்பாகப் பிறந்த கண்ணாடி. இப்போது யாரும் செய்வதில்லை. ‘திருகாணி’ என்று எல்லாரும் கூப்பிடும் பழைய சாமான்காரரிடம் ஒரே ஒரு குழாய் இருந்தது.

“குடுத்துட்டா என்கிட்ட இல்லாமப் போயிடுமே” என்றார்.

“இப்ப மட்டும் இருக்கா? சாக்குக்கு அடியில கெடக்கு. உங்களுக்கே மறந்துபோச்சு” என்றாள் அக்கா.

“நீ வர்ற வரைக்கும் மறந்திருந்தேம்மா. நிம்மதியா இருந்தேன்.”

நான்கு நாள் போனாள். ஐந்தாம் நாள் அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவர் குழாயை நீட்டியபடி வாசலில் நின்றாராம். “எடுத்துக்க. ஒரே நிபந்தனை. இனிமே வராதே.”

எங்கள் வீட்டில் பேரம் படிவது என்றால் இதுதான்: பொருள் நமக்கு, நிம்மதி அவர்களுக்கு.

4

குழாய் வளைப்பவர் டியூப்காரம்மா. முதல் வரைவில் இவரை முன்கோபக்காரியாக எழுதினேன். தவறை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே. ‘அவசரத்தில் அவர் கைப்பிடியைத் தப்பாக…’

அந்த வரியை அடித்துவிட்டேன். மாதிரிப் படம் வரைந்தது நான். தெருவில் நின்று பார்த்தபடியே வரைந்து கொடுத்தேன். இந்தத் தொழிலில் குழாயைக் குப்புறப் போட்டு, முகம் மேசையைப் பார்க்கத்தான் வளைப்பார்கள். படத்தை இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். மேதாவிக்கு அது தெரியவில்லை. கொக்கி எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

“மாத்தி வரையணும்னு தெரியாதா தம்பி?”

“நீங்க சொல்லலையே.”

“கோட்டைப் பாத்து, பலகை வரையறவர்னு நெனச்சுட்டேன்.”

என் கைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அதுவும் இந்த நேரத்திலா. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அடிக்குறிப்பு தேவையில்லை.

“புரட்டிப் போட்டா கொக்கி சரியாயிடும்” என்றார் டியூப்காரம்மா. “ஆனா மின்சாரம் ஏத்தற ரெண்டு காலும் முன்னால நீட்டிக்கும். மறுபடி சூடு காட்டிப் பின்னால மடக்கணும். பழைய கண்ணாடி. தாங்குமான்னு தெரியல.”

“தாங்கலைன்னா?”

“வேற குழாய் இருக்கா?”

அக்கா வளைத்த குழாயை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

5

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதினேன். ஏழும் தோற்றன. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நெருப்பு பட்டதும் சிவப்பு காணாமல் போனது. கண்ணாடி கறுத்தது. “போச்சு” என்றாள் அக்கா.

டியூப்காரம்மாவால் பேச முடியவில்லை. அவர் வாயில் ரப்பர்க் குழாய். வளைவு நசுங்காமலிருக்க, அதன் வழியே கண்ணாடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் கூடினால் ஊதிப் பெருத்துவிடும்; குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு மனுஷியின் மூச்சு உள்ளே நின்று அந்தக் குழாயைக் குழாயாக வைத்திருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

மடக்கி முடித்து, ரப்பரைத் துப்பினார். “எங்கயும் போகல. ஆறட்டும்.”

கறுப்பின் ஓரத்தில் நூலளவு சிவப்பு வந்தது. பிறகு விரலளவு. கண்ணாடிக்குத் தான் யார் என்பது ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

[இந்த வரி கொஞ்சம் அதிகம்தான். நீங்கள் அங்கே நின்றிருந்தால் இன்னும் அதிகமாக எழுதியிருப்பீர்கள்.]

வாயு அடைத்து மின்சாரம் கொடுத்ததும், பட்டறை மேசையில் கைப்பிடி எரிந்தது. ஆனால் ஒரு மடிப்பில் மயிரிழைபோல ஒரு கோடு. விரிசலா, வெறும் சுருக்கமா? விரிசல் என்றால் உள்ளே அடைத்த வாயு மறுநாளுக்குள் கசிந்துவிடும். மறுநாள்தான் வெள்ளிக்கிழமை.

6

மேகம் மூடிய காலை. கைப்பிடியைப் பலகையில் மாட்டியாயிற்று. ஆய்வாளர் கையில் தாளோடு நிற்கிறார். பின்னால் ஏணியும் இரண்டு ஆட்களும்.

முதல் முடிவு: குடை விரிகிறது, ஆய்வாளர் தாளை மடிக்கிறார். இரண்டாவது: எரியவில்லை, அக்கா ஏணிக்காரர்களிடம் பேச ஆரம்பிக்கிறாள், சாயங்காலம்வரை ஏணி சாய்த்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நம்பும்படி இருந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததில் இவ்வளவு மட்டும் சொல்கிறேன். அக்கா சுவிட்ச்சில் விரல் வைத்தபோது, டியூப்காரம்மா பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

“என்னம்மா, பாக்கலையா?” என்றேன்.

“செஞ்சவங்க பாக்க மாட்டோம் தம்பி. எதிர்ல நிக்கறவங்க மூஞ்சியப் பாப்போம். எரிஞ்சா அதுல தெரியும்.”

நானும் திரும்பிவிட்டேன். அக்கா சுவிட்ச்சைப் போடுகிறாள். பலகை என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எதிரில் நீங்கள். உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.