நெலிதா கேட்ட பூட்டு

வில்மார் மூன்றாவது முறையாக மாட்டிக்கொண்டான். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து செம்புக் கம்பியை உருவியதுதான் குற்றம். எதற்கு உருவினான் என்று அவன் குடியிருக்கும் செர்ரோ குன்றில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கொக்கேன் காய்ச்சி மிஞ்சும் கசடை, இப்படித் திருடி விற்ற காசில் வாங்கி, தகர டப்பாவில் வைத்துப் புகை இழுக்கிற கூட்டத்தில் அவனும் ஒருத்தன். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டிருந்தான்.

அவனுக்காக வாதாட அரசு அமர்த்திய வக்கீலம்மா, நீதிமன்றத் தாழ்வாரத்தில் அக்கா நெலிதாவை நிறுத்திப் பேசினாள்.

"மறுவாழ்வு இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்கும்மா. வீட்டு ஆள் சம்மதிச்சா நீதிபதி அனுப்பிடுவாரு. இல்லன்னா ஜெயில்தான்."

"அங்க கதவைப் பூட்டுவாங்களா?"

"பூட்ட மாட்டாங்க. அவனா நெனச்சு இருக்கணும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அந்தக் கதவு வழியாத்தான் நடந்து வந்தான். வந்து என் அடுப்பு சிலிண்டரைத் தூக்கிட்டுப் போனான். எனக்குப் பூட்டுற இடம் வேணும் வக்கீலம்மா."

நெலிதா இறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கிறவள். நாள் முழுக்கக் குளிர் அறையில் நின்றுவிட்டு, தம்பி எந்தச் சாக்கடையோரம் கிடக்கிறானோ என்று தேடித் தேடி அலுத்தவள். உள்ளே போனால் கசடு கிடைக்காது, உயிராவது தங்கும் என்று நம்பினாள். நீதிபதியிடமும் அதையே சொன்னாள். அவரும் தலையாட்டிவிட்டார்.

ஞாயிறுதோறும் பொட்டலத்தோடு சிறைக்குப் போனாள். தேயிலைபோல ஊறவைத்துக் குடிக்கிற மாத்தே இலைத்தூள், சர்க்கரை, ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சி. ஒரு ஞாயிறு, வரிசையில் முன்னால் நின்ற கிழவி பொட்டலத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இவ்வளவு தூளா? உன் தம்பி நல்லா இழுப்பான் போல."

"அது வெந்நீர் ஊத்திக் குடிக்கிறதுக்கு."

"அடி பைத்தியக்காரி, உள்ள அதுதான்டி காசு. அதைக் குடுத்துத்தான் கசடு வாங்குவானுங்க, தெருவைவிட உள்ள சல்லிசு. என் பையன் உள்ள போய்த்தான் பழகினான்."

பார்க்க வருகிறவர்களுக்கான சிறை முற்றத்துக்கு வில்மார் வெறுங்காலோடு வந்தான். அவள் வாங்கித் தந்த கம்பளிச் சட்டை வேறொருத்தன் உடம்பில் இருந்தது.

"டேய், வக்கீலம்மாகிட்ட பேசறேன். நீ ஒரு வார்த்தை கேட்டா இல்லத்துக்கு மாத்துவாங்க."

"வேணாம்க்கா."

"ஏன்டா?"

"அங்க விடிஞ்சா இழுக்கறதை விடு, விடும்பாங்க. இங்க என்னை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல." பொட்டலத்துக்குக் கை நீட்டினான். "குடு, பசங்க காத்திருக்கானுங்க."

நெலிதா கொடுக்கவில்லை. தூள் பையைக் கிழித்து, தன் பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரை அதில் ஊற்றினாள். மிச்ச வெந்நீரைச் சர்க்கரையில் கவிழ்த்தாள். நனைந்த தூளை எவனும் வாங்கமாட்டான்.

"இறைச்சி இருக்கு. என் முன்னால உக்காந்து தின்னு. இனிமே திங்கிறது மட்டும்தான் கொண்டாருவேன்."

அவன் பச்சைச் சேறாகிக் கிடந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீதானேக்கா என்னை இங்க போடச் சொன்ன."

அவள் இறைச்சியைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். அவன் இரண்டு வாய் தின்றான். மீதியை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த ஞாயிறு ரொட்டியும் இறைச்சியும் மட்டும் எடுத்துப்போனாள். உள்ளே போன காவலர் தனியாகத் திரும்பி வந்தார்.

"என்ன கொண்டாந்திருக்கன்னு கேட்டான்மா. சொன்னேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்."